வன்னி வெயிலுக்க குருவி பாக்கிறது எப்பிடி

வன்னியில குருவி பாக்கப் போறம் எண்டு சொன்னா ஆக்கள் கேக்கிற முதல் கேள்வி "எந்தக் காட்டுக்க?" எண்டுதான். காடு இருக்கட்டும், அதுக்குப் பேந்து வருவம். வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும் சோழகம் அடிச்சு, புல்லெல்லாம் கருகி, கிணத்துக்க வாளி அடி தட்டுற காலத்தில இஞ்ச ஒரே ஒரு விதிதான் இருக்கு: குருவியைத் தேடாதேங்கோ, தண்ணியைத் தேடுங்கோ. தண்ணி எங்க நிக்குதோ அங்க அதுகள் தானா வந்து நிக்கும். ராஜஸ்தான் பாலைவனத்திலயும் இதே கதைதான், பலோதிக்குப் பக்கத்தில கீச்சன் எண்டு ஒரு சின்ன ஊர், பனிக்காலத்தில அங்க குர்ஜா எண்டு சொல்லுற கொக்குகள் ஆயிரக்கணக்கில வந்திறங்கிறது ஊராக்கள் போடுற தானியத்துக்கும் பக்கத்துக் குளத்துத் தண்ணிக்கும்தான். வன்னி பாலைவனம் இல்லத்தான், ஆனா ஆவணி மாசம் மத்தியானம் நெடுங்கேணிப் பக்கம் ஒருக்கா மோட்டசைக்கிள்ள போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ பாப்பம்.

தொடங்கிறதுக்கு தூர இடம் ஒண்டும் வேண்டாம். வவுனியாக்காரருக்கு ரவுணுக்க இருக்கிற வவுனியாக்குளமே காணும், கிளிநொச்சி ஆக்களுக்குக் கிளிநொச்சிக்குளம், மற்றாக்களுக்கு அவையவையின்ர ஊர்க்குளம். குளம் இல்லாத ஊர் வன்னியில எங்க இருக்கு? பாதி ஊரின்ர பேரே குளத்திலதான் முடியுது. ஒரே குளத்துக்கு கிழமைக்கு ஒருக்கா எண்டு வருசம் முழுக்கப் போறவருக்கு, வருசத்தில இருவது இடம் சுத்திறவரை விட கனக்கத் தெரியும், இது என்ர அபிப்பிராயம், ஆரும் கோவிக்க வேண்டாம். ஏனெண்டா வழமையா நிக்கிறதுகளை முகம் பாத்துப் பழகினாத்தான் புதுசா ஒண்டு வந்து நிக்கேக்க "உது ஆர்?" எண்டு கண்ணில படும்.

இனி குளத்தின்ர கணக்கைக் கொஞ்சம் விளங்கிக் கொள்ளுங்கோ, இதுதான் முக்கியம். ஐப்பசி கார்த்திகையில மாரி இறங்கி குளம் நிரம்பி வான் பாயேக்க பாக்க வடிவா இருக்கும், ஆனா குருவி பாக்க அது சரியான நேரம் இல்ல. காட்டுக்குள்ள, வயலுக்குள்ள, பள்ளத்துக்குள்ள எண்டு எல்லா இடமும் தண்ணி நிக்கிறதால எல்லாம் பிரிஞ்சு போயிடும், குளத்தில ரெண்டு நீர்க்காகம் மட்டும் செட்டை காய வைச்சுக் கொண்டு நிக்கும். தண்ணி இறங்கத் தொடங்கத்தான் விளையாட்டு. குளத்தின்ர விளிம்பில சேறு தெரியத் தொடங்கினா சின்ன உள்ளான்கள் அந்தச் சேத்து வரியில ஓடித் திரியும், அதுக்கு அங்கால முழங்கால் தண்ணியில நீட்டுச் சிவப்புக் காலோட பவளக்காலி, அதுக்கும் அங்கால மஞ்சள் மூக்கு நாரையும் கரண்டி மூக்கனும், நடு ஆழத்தில கூழைக்கடா. காலின்ர நீளத்துக்கும் மூக்கின்ர நீளத்துக்கும் ஏத்த மாதிரி ஒவ்வொண்டுக்கும் ஒரு ஆழம் இருக்கு, அதால விளிம்பில தொடங்கி உள்பக்கமாக் கண்ணைக் கொண்டு போனா ஒண்டும் தவறாது.

ஆடி ஆவணியில சின்னக் குளங்கள் ஒண்டொண்டா வத்தும். கடைசியா ஒரு மடுவில மட்டும் தண்ணி நிக்கும், அதுக்குள்ள விராலும் கெளுத்தியும் நெருக்கிக் கொண்டு கிடக்கும். அந்த ரெண்டு மூண்டு நாளை விட்டிடாதேங்கோ. கொக்கு, நாரை, கூழைக்கடா, மேல செம்பருந்து, கரையில வலையோட ஊர்ப் பெடியள், எல்லாருக்கும் ஒரே மடுவிலதான் பந்தி. எந்தக் குளம் எப்ப வத்தும் எண்டது புத்தகத்தில இல்ல, மாடு மேய்க்கிற ஐயாட்டக் கேளுங்கோ, அவர் நாள் சொல்லித் தருவார். அதுக்குப் பிறகு எல்லாம் பெரிய குளங்களுக்குப் போயிடும்: இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன், மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளம். கட்டுக்கரை மதவாச்சி மன்னார் றோட்டுக் கரையிலயே இருக்கு, 1954இலயே சரணாலயம் எண்டு அறிவிச்ச இடம், பஸ்ஸில போறாக்கள் நித்திரை கொள்ளாம ஜன்னல் பக்கம் இருந்தாலே கொஞ்சம் பாக்கலாம்.

சாமான் விசயம். பைனாகுலர் ஒண்டு வேணும், வேற ஒண்டுக்கும் முதல்ல காசு செலவழிக்க வேண்டாம். மேல 8x42 எண்டு எழுதியிருந்தா எட்டு மடங்கு பெருப்பிக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீற்றர் எண்டு அர்த்தம், தொடங்கிற ஆளுக்கு அதுதான் திறம். 10 மடங்கு எண்டா இன்னும் நல்லம்தானே எண்டு நினைப்பியள், கை நடுங்கிற நடுக்கமும் பத்து மடங்கு ஆகும், பாக்கிற வட்டமும் சின்னனாப் போகும். ஃபேஸ்புக்கில ஐயாயிரத்துக்கு "100 மடங்கு" எண்டு விளம்பரம் வரும், அதை வாங்கிறதுக்கு அந்தக் காசுக்கு இறைச்சி வாங்கிச் சமைக்கலாம். வாங்கினதும் வலக்கண் பக்கத்தில இருக்கிற சின்ன வளையத்தை ஒருக்கா சரி செய்யுங்கோ: வலக்கண்ணை மூடி இடக்கண்ணால நடுச்சில்லைத் திருப்பித் தெளிவாக்கி, பிறகு இடக்கண்ணை மூடி வலப்பக்க வளையத்தால தெளிவாக்கிறது, அவ்வளவுதான், கனபேர் இதைச் செய்யாமலே வருசக்கணக்கா தலையிடியோட திரியினம். குருவியைக் கண்டா குனிஞ்சு பைனாகுலரைத் தேடாம கண்ணை அதிலயே வைச்சுக் கொண்டு பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாங்கோ. ரெண்டு நாள் வீட்டு முத்தத்தில காகத்தை வைச்சுப் பழகினா கை தானா வரும்.

உடுப்பு மண் கலர், அழுக்குப் பச்சை, சாம்பல். வெள்ளைச் சேட்டு வேண்டாம். தொப்பி, மூடின சப்பாத்து, ரெண்டு லீற்றர் தண்ணி, கழுத்துக்கு ஒரு துவாய்.

விடிய ஆறு மணிக்கு முதல் குளக்கட்டில நிக்க வேணும். ஒம்பது மணி தாண்டினா நிலத்தில இருந்து கானல் எழும்பத் தொடங்கும், தூரத்தில நிக்கிறதெல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு தெரியும், எவ்வளவு விலையான கண்ணாடி வைச்சிருந்தாலும் கானலுக்கு மருந்தில்ல, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுங்கோ. பிறகு பின்னேரம் நாலு மணிக்கு வரலாம். சூரியன் எப்பவும் உங்கட முதுகுக்குப் பின்னால இருக்க வேணும், எண்டா காலமை குளத்தின்ர கிழக்குப் பக்கத்தில நிண்டு மேற்கைப் பாக்கிறது, பின்னேரம் மற்றப் பக்கம். சூரியனுக்கு எதிர நிண்டு பாத்தா தாராவும் கறுப்பு, நாமக்கோழியும் கறுப்பு, மிதக்கிற கட்டையும் கறுப்பு.

குளக்கட்டுக்கு மேல ஏறி நிமிர்ந்து நிக்காதேங்கோ, வானத்தைப் பின்னால வைச்சுக் கொண்டு நிக்கிற ஆளை முழுக் குளமும் பாக்கும். கொஞ்சம் கீழ இறங்கி ஒரு மருதமரத்துக்கு அடியில இருந்தா காணும். தண்ணி திறந்து விடுற துரிசுக்குப் பக்கமும் நல்ல இடம், அதுக்குக் கீழ வாய்க்காலில மீன்கொத்தி நிக்கும். வேட்டிக்காரரையும் மாட்டையும் சைக்கிளையும் குளத்துக் குருவியள் ஒரு பொருட்டா எடுக்கிறதில்ல, பதுங்கிப் பதுங்கி வாற ஆளைத்தான் பயப்பிடும், அதால பட்டி மாட்டோட மாடா மெல்ல நடந்து போறது நல்ல வழி. ஓட்டோவில போனா இறங்காம உள்ளுக்கு இருந்தே பாருங்கோ, ஓட்டோவுக்குப் பறக்காதது ஆள் கால் வைச்ச உடன பறக்கும்.

ஆக்காட்டி ஒண்டு கத்திச்செண்டா எல்லாம் குழம்பிச்சு எண்டு வையுங்கோ. அது கத்தினா அப்பிடியே இருந்திடுங்கோ, அஞ்சு நிமிசத்தில அடங்கிடும். ஆனா அது உங்கட தலைக்கு மேலயே சுத்திச் சுத்திக் கத்தினா கிட்டவா எங்கயோ முட்டை இருக்கு, வெறும் நிலத்தில கல்லுக் கலரில கிடக்கும், காலுக்குக் கீழ வந்தாலும் தெரியாது. சூடு கூடின நேரம் தாய் தகப்பன் வயித்து இறகைத் தண்ணியில நனைச்சுக் கொண்டு வந்து முட்டைக்கு மேல இருந்து குளிராக்கும், நீங்கள் அரை மணித்தியாலம் அதுகளைக் கிட்ட விடாம நிண்டியள் எண்டா வெயிலில முட்டை அவிஞ்சு போகும். வந்த வழியாலயே திரும்புங்கோ. படம் முக்கியமில்ல.

இனி பேர் பிடிக்கிற கதை. முதல்ல கலரைப் பாக்காதேங்கோ, பருமனைப் பாருங்கோ: மைனாவை விடச் சின்னனா, காகமளவா, பருந்தளவா. பிறகு மூக்கு, பிறகு கால், பிறகு என்ன செய்யுது எண்டு, கடைசியாத்தான் கலர். வெள்ளைக் கொக்கை எடுங்கோ, எங்கட ஆக்களுக்கு எல்லாம் கொக்குத்தான், ஆனா ஒரு குளத்தில நாலு சாதி நிக்கும். கறுத்த மூக்கு, கறுத்த கால், பாதம் மட்டும் மஞ்சள் எண்டா சின்னக் கொக்கு, அது பாதத்தைச் சேத்தில ஆட்டி ஆட்டி மீனைக் கிளப்பும். குட்டை மஞ்சள் மூக்கோட மாட்டுக்குப் பின்னால திரியிறது உண்ணிக்கொக்கு, சித்திரைப் பக்கம் அதின்ர தலையும் கழுத்தும் செம்மஞ்சளாகும். உயரமா, கழுத்தில ஒரு முறிவு விழுந்த மாதிரி நிக்கிறது பெரிய கொக்கு, வடிவாப் பாத்தா அதின்ர வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னுக்குப் போகும். நடுத்தரக் கொக்குக்கு அந்தக் கோடு கண்ணோட நிண்டிடும். அந்தக் கோட்டை ஒருக்கா கண்டிட்டியள் எண்டா பிறகு வாழ்க்கையில மாறாது.

நத்தைகொத்தி நாரையைப் பாக்க மட்டும் ஒரு காலமை முழுக்கக் குடுக்கலாம். சாம்பல் வெள்ளையா, சிறகு விளிம்பு கறுப்பா நிக்கும், மேல் மூக்கும் கீழ் மூக்கும் நடுவில பொருந்தாம ஒரு இடைவெளி, அதுக்குள்ளால அங்கால் பக்கம் தெரியும். தலையைத் தண்ணிக்குள்ள வைச்சுத் துழாவி நத்தையைப் பிடிச்சு, தண்ணிக்கடியிலயே வைச்சு வாய் மூடியைக் கழட்டி, கீழ் மூக்கின்ர கூரான நுனியை உள்ளுக்கு விட்டு சதையை மட்டும் இழுத்தெடுக்கும், தலையைத் தூக்கேக்க சதை தொண்டையால இறங்கிறது தெரியும். கோது பெரும்பாலும் உடையிறதில்ல. குளம் வத்தின பிறகு அலைகரையால நடந்து போனா முழுசா, உள்ளுக்கு ஒண்டும் இல்லாத நத்தைக் கோதுகள் கிடக்கும், கையில எடுத்து வாய்ப் பக்கத்தைப் பாருங்கோ.

தாமரை, அல்லி நிக்கிற குளம் எண்டா இலைக்கோழி இருக்கும், இலைக்கு மேல நடக்கிற அந்த நீட்டு விரல்காரர். கோடையில நீட்டுக் கறுத்த வாலும் பொன் கலர்ப் பிடரியுமா நிக்கும், மாரியில வால் இல்லாம மங்கின உடுப்போட நிக்கும், ரெண்டும் ஒண்டுதான். நீலக்கோழி, தாழைக்கோழி, பாம்புத்தாரா எல்லாம் எங்கயும் கிடைக்கும், அதுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல.

காட்டுக்கு வாறன் எண்டனான். தண்ணி விதிக்கு ஒரு விலக்கு இருக்கு, அது பாலைப்பழம். பழக்காலத்தில ஒரு பாலைமரம் காய்ச்சிருந்தா குளம் தேவையில்ல, மரத்துக்குத் தூரமா ஒரு இடத்தில இருங்கோ: பச்சைப்புறா, குக்குறுவான், மைனா, குயில் எண்டு மாறி மாறி வரும், அதிட்டம் இருந்தா கறுப்பு வெள்ளை இருவாய்ச்சி செட்டைச் சத்தத்தோட வந்திறங்கும், அந்தச் சத்தம் குருவிக்கு முதலே வரும். ஆனா பாலைப்பழத்துக்குக் கரடியும் வரும், அதால மரத்துக்குக் கீழ போய்ப் பழம் பொறுக்கிக் கொண்டு நிக்கிற யோசனை வேண்டாம். மாங்குளத்தில இருந்து ஒட்டுசுட்டான் முல்லைத்தீவு போற றோட்டுக் கரையில விடியக் காட்டுக்கோழி நிக்கும், இலங்கையில மட்டும் இருக்கிற சாதி, நாட்டின்ர தேசியப் பறவை, சேவலின்ர தலைக் கொண்டைப் பூவின்ர நடுவில மஞ்சள் திட்டு ஒண்டு இருக்கும். மரங்கொத்தி கண்டா முதுகைப் பாருங்கோ. யாழ்ப்பாணத்திலயும் மன்னார்த்தீவிலயும் பொன் முதுகு, தெற்குப் பக்கம் போகப் போக ரத்தச் சிவப்பு முதுகு, இடையில ரெண்டும் கலந்து செம்மஞ்சள். நீங்கள் எந்த ஊரில எந்தக் கலர் கண்டனீங்கள் எண்டு குறிச்சு வைச்சா அது சும்மா குறிப்பில்ல, ஆராய்ச்சிக்காரருக்கே தேவைப்படுற விசயம்.

மாரி வந்தா கணக்கு மாறும். நல்ல தண்ணி எல்லா இடமும் இருக்கேக்க நீங்கள் களப்புக்கும் கடலுக்கும் போங்கோ. வடக்கில இருந்து வாற வலசைக்காரர் ஐப்பசியில இருந்து பங்குனி வரைக்கும் நிப்பினம். மன்னார்ப் பாலத்தால போகேக்க ரெண்டு பக்கமும், பிறகு வங்காலை, இது 2008இல சரணாலயமாகி 2010இல உலகத்து முக்கியமான ஈரநிலங்களின்ர ராம்சார் பட்டியலில சேந்த இடம். ஊசிவால் தாரா, நீலச்சிறகுத் தாரா, கருவால் மூக்கன் எல்லாம் கூட்டம் கூட்டமா நிக்கும், நண்டுண்ணி எண்டு கறுப்பு வெள்ளைக்காரர் ஒருத்தர் இருக்கிறார், தடிச்ச மூக்கு, நண்டு பிடிக்கிறதுதான் முக்கியமான வேலை. பூநாரை எல்லாருக்கும் தெரியும், ஆனா சாம்பல் கலரில நிக்கிறதுகளை வேற சாதி எண்டு நினைக்காதேங்கோ, அதுகள் குஞ்சுகள், சாப்பாட்டில இருந்துதான் ரோஸ் கலர் ஏறுது, அதுக்கு வருசக்கணக்காகும். கட்ச் உப்புப் பாலைவனத்தில கூடு கட்டிற சாதி அது, எங்கட வெயிலெல்லாம் அதுக்கு ஒரு விசயமே இல்ல. கடற்காகங்களையும் லேசா எடுக்காதேங்கோ, கொழும்புப் பல்கலைக்கழகக்காரர் மன்னாரில ஜிபிஎஸ் கருவி பூட்டி விட்டது ரஷ்யாவின்ர ஆர்க்டிக் கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. கிழக்குப் பக்கம் எண்டா நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய், வடக்கில சுண்டிக்குளம். சுண்டிக்குளம் 2015இல தேசியப் பூங்கா ஆக்கினது, உள்ளுக்குப் போக முதல் வனசீவராசிகள் திணைக்களத்தில கேட்டிட்டுப் போங்கோ.

வெளிய போகேலாத ஆக்கள், வயசானவை, சின்னப் பிள்ளையள் வைச்சிருக்கிறவை, தண்ணியை வீட்டுக்குக் கொண்டு வாங்கோ. அகலமான மண் சட்டி ஒண்டில ரெண்டு விரல் ஆழத்துக்கு மட்டும் தண்ணி, நடுவில ஒரு கல்லு. பூனை பதுங்க ஏலாத வெளியில வையுங்கோ, ஆனா பறந்து போய் ஏறக் கிட்டவா ஒரு கொப்பு இருக்க வேணும். அதுக்கு மேல தண்ணிப் போத்தல் ஒண்டை ஊசித் துளை போட்டுக் கட்டித் தூக்கினா சொட்டுச் சொட்டா விழும், விழுகிற சத்தத்துக்குத்தான் அதுகள் வரும், சும்மா கிடக்கிற தண்ணியைக் கண்டு பிடிக்க நாள் எடுக்கும். முதல்ல புலுனிக் கூட்டம் வந்து சட்டியைக் கலக்கி அடிக்கும், பிறகு கொண்டைக்குருவி, மணிப்புறா, மாரியில ஆறுமணிக்குருவி கூட வந்து போகலாம். ஒவ்வொரு நாளும் தண்ணியை ஊத்திப் போட்டுப் புதுசு வையுங்கோ, இல்லாட்டி குருவிக்குப் பதிலா டெங்கு நுளம்புதான் வளப்பியள்.

ஆபத்து விசயத்தில பகிடி இல்ல. வன்னியில இன்னும் மிதிவெடி முழுக்க எடுத்து முடியாத இடங்கள் இருக்கு, மண்டையோடு போட்ட சிவப்பு போர்ட், சிவப்புத் தடி கண்டா அங்கால ஒரு அடியும் வைக்க வேண்டாம், போர்ட் இல்லாத பத்தைக்குள்ளயும் சனம் நடந்து தேஞ்ச பாதையால மட்டும் போங்கோ, எவ்வளவு அருமையான குருவி எண்டாலும். ஆமிக் காம்ப் பக்கம் பைனாகுலரையோ கமராவையோ திருப்பாதேங்கோ, குருவி எண்டு விளங்கப்படுத்தி முடிக்கிறதுக்குள்ள பின்னேரமாயிடும். பெரிய குளங்களில முதலை இருக்கு, தண்ணி விளிம்பில குந்தியிருந்து படம் எடுக்க வேண்டாம். பொழுதுபட யானை தண்ணிக்கு வரும், அதால ஆறு மணிக்கு குளக்கட்டை விட்டு இறங்கியிருக்க வேணும். தனியப் போகாதேங்கோ, போற இடத்தை வீட்டில சொல்லிப் போட்டுப் போங்கோ.

கண்டதை எழுதுங்கோ. கொப்பியில எழுதினாலும் சரி, குருவிக் கணக்குப் பதியிற ஈபேர்ட் ஆப்பில போட்டாலும் சரி: திகதி, நேரம், குளம், தண்ணி எவ்வளவு நிண்டது, எத்தினை. கூட்டமா நிண்டா முதல்ல பத்துக் குருவியை எண்ணி அது எவ்வளவு இடம் பிடிக்குது எண்டு பாத்து, அந்த அளவால முழுக் கூட்டத்தையும் அளக்கிறது, கொஞ்சம் பழகினா நம்பக் கூடியதா வரும். படத்தையும் சத்தத்தையும் வைச்சுக் குருவியின்ர பேர் சொல்லுற மேர்லின் ஆப்பை வீட்டு வைஃபையில இருக்கேக்கயே டவுன்லோட் பண்ணி வையுங்கோ, குளக்கட்டில சிக்னலை நம்பேலாது, அது சொல்லுற பேரையும் கண்ணால காணாம எழுத வேண்டாம். ஒவ்வொரு தை மாசமும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1987இல இருந்து நடக்குது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில 1976இல தொடங்கின களப் பறவையியல் குழுவோட தொடர்பு எடுத்தா உங்கட குளத்துக் கணக்கையும் சேக்கலாம். வடக்கில எண்ணுற ஆக்கள் காணாது, சின்னக் குளங்களை எண்ண ஆளே இல்ல எண்டு சொல்லலாம்.

போக்குவரத்து: முதல் பஸ்ஸை நம்பினா வெயில் ஏறின பிறகுதான் போய்ச் சேருவியள். முதல் நாள் பின்னேரமே ஓட்டோக்கார அண்ணையிட்ட விடிய அஞ்சு மணிக்கு எண்டு சொல்லி, வெயிற்றிங் காசையும் அப்பவே பேசி முடியுங்கோ. பாட்டுப் போட வேண்டாம் எண்டதையும் சேத்துச் சொல்லுங்கோ.